தொள்ளாயிரத்து நாற்பத்தோராவது தடவை

எரீசா லுபோவாவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என் கையைப் பற்றி எழுத வேண்டும். பதினேழு வருஷமாக லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற கை. திரை கருப்பாக நின்றுவிட்டால் இந்தக் கை யாரையும் கேட்பதில்லை. பின்மூடியைத் திறக்கும், காசு அளவில் உட்கார்ந்திருக்கும் சீமாஸ் பேட்டரியை நெம்பி எடுக்கும், பத்து எண்ணும், திரும்பப் போடும். அந்தப் பேட்டரி போனால் மெஷின் தான் சேமித்து வைத்த செட்டிங்கை எல்லாம் மறந்துவிடும். கெட்டுப்போன செட்டிங்கும் சேர்ந்து மறந்துபோகும் என்பதால் பத்தில் ஏழு மெஷின் எழுந்துவிடும். எங்கள் ஆர்கேடில், அதாவது கடைகள் நிறைந்த இந்தக் கட்டடத்தில், மூன்று மாடியிலும் எல்லோர் கையும் அப்படித்தான் பழகியிருக்கிறது. கம்பாலா முழுக்கவே அப்படித்தான்.

லுபோவா எனக்குப் பக்கத்து மேஜை. எட்டு வருஷமாக ஒரே பிளக் போர்டில் இரண்டு பேரும் கரண்ட் எடுத்தோம். மசாகா பக்கத்து ஆள். அப்பா காப்பிக்கொட்டை லாரி ஓட்டினவர். லாரி கவிழ்ந்து அப்பாவுக்குக் கால் போனதும் இவர் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு நட்டேட்டேயில் ஒரு பெட்டிக்கடையில் போன் சார்ஜ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து எங்கள் ஆர்கேடுக்கு வந்தார். உயரமான மனுஷன், குனிந்து குனிந்து முதுகு வளைந்துவிட்டது. மத்தியானம் முட்டைச் சப்பாத்தியை நின்றபடியே தின்பார். பேச்சு கம்மி. பேச வேண்டியதை எல்லாம் நான் பேசிவிடுவதால் அவருக்கு அவசியமும் இல்லை. என்னை 'ஞாபோ' என்பார், அவரை நான் 'ஸெபோ' என்பேன்; எங்கள் ஊரில் அம்மா, ஐயா என்கிற மாதிரி.

ஐரோப்பாவில் ஆபீஸ்காரர்கள் தூக்கிப்போடும் லேப்டாப்புகள் கண்டெய்னர் கண்டெய்னராக இங்கே வரும். அதில் ஒரு மாடலுக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஊமை'. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு, அதைச் சொல்லாமலே அனுப்பிவிடுவார்கள். சுவிட்சைப் போட்டால் பாஸ்வேர்டு கேட்கும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. லுபோவா மதர்போர்டில் இருக்கிற சின்னச் சிப்பை ஒரு கிளிப்பால் கவ்வி, கம்பெனிக்காரன் எழுதிவைத்த பயோஸை அழித்துவிட்டு, வேறொன்றை எழுதுவார். மெஷின் கண் விழித்ததும் முதலில் ஓடுகிற அந்தப் புரோகிராமை உலகம் பூராவும் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் ஊமை பேசும்.

பேசும், ஆனால் திக்கித் திக்கித்தான். எங்கள் ஊரில் ஜோடி ரேம் யாரிடம் இருக்கிறது? ஒன்று ஒரு கம்பெனி, இன்னொன்று வேறு கம்பெனி. ஒன்று சட்டென்று பதில் சொல்லும், மற்றது ஒரு இம்மி தாமதிக்கும். மெஷின் எழும்போது அந்த இம்மியைச் சரியாகக் கண்டுபிடிக்காவிட்டால் மூன்று தடவை எழும், நாலாவது தடவை செத்த பிணம் மாதிரி கிடக்கும். கண்டுபிடித்த நேரக்கணக்கையும் அந்தக் காசு பேட்டரியை நம்பித்தான் சேமித்தது. இங்கே விற்கிற காசு பேட்டரி முழுக்கப் போலி, இரண்டு மாதத்தில் காலி. ஒரு நாளைக்கு மூன்று தடவை கரண்ட் போகிற ஊரில் இந்த மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லுபோவா இரண்டு வருஷம் இதோடு மல்லுக்கட்டினார். மெதுவான ரேமுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருக்கவும், கண்டுபிடித்த நேரக்கணக்கை பேட்டரியை நம்பாமல் சிப்புக்குள்ளேயே எழுதிவைக்கவும் ஒரு திருத்தம் எழுதினார். அதைப் போட்ட ஊமைகள் ஒன்றுகூடத் திக்கவில்லை. அந்தத் திருத்தத்தை இணையத்தில் அந்தக் கூட்டத்துக்கு அனுப்பினார். சரிபார்க்கிறவன் தார்மோ என்று ஒரு ஃபின்லாந்துக்காரன். பதில் வந்த அன்று லுபோவா எனக்குப் படித்துக் காட்டினார்.

"'ஜோடி ரேம் போட்டா இந்தப் பிரச்சனையே வராதே, ஏன் போடல?'ன்னு கேக்கறார் ஞாபோ."

"அடப் பாவி! அப்புறம்?"

"'பேட்டரி தீந்தா புதுசு மாத்தலாமே'ங்கறார்."

"மாத்தலாமே! வந்து மாத்திட்டுப் போகச் சொல்லுங்க ஸெபோ. அவன் ஊர்ல பேட்டரி மரத்துல காய்க்குது போல."

லுபோவா சிரித்தார். அவருக்குக் கோபமே வராது. அவருக்கு வர வேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது அட்டுஹைரே என்ற அம்மாள் வந்தாள். கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொடுக்கிற ஒரு சங்கத்தில் அதிகாரி. ஜிஞ்சாவில் ஒரு கிடங்கில் எண்ணூறு ஊமைகள் தூங்கின. எல்லாம் அவர்களுக்குத் தானமாக வந்தது. லுபோவா தட்டி எழுப்பிய ஒன்றை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் ஓடுது ஸெபோ. ஆனா நீங்க வீட்டுல எழுதினதை நான் பள்ளிக்கூடத்துல போட முடியாது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. இணையத்துல அந்தப் புரோகிராம் எழுதறவங்களோட அதிகாரபூர்வப் பட்டியல்ல இந்த மாடல் இருக்கணும், உங்க திருத்தமும் அதுக்குள்ள இருக்கணும். இருந்தா எண்ணூறையும் உங்க கையில தர்றேன். இல்லேன்னா கிடங்குக்காரன் மாசக் கடைசியில அள்ளி வெளிய போட்டுடுவான்."

அந்தப் பட்டியலிலும் கத்தி விழ இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பு விடும்போது, யாரும் சோதித்துச் சொல்லாத மாடல்களை அந்தக் கூட்டம் வெட்டி எறிந்துவிடும். ஊமையும் அந்த வரிசையில் நின்றது. லுபோவா கெஞ்சி எழுதினார். தார்மோ ஒரு வழி சொன்னான். ரேம் நேரக்கணக்கில் கை வைப்பதால் மற்ற மாடல்களும் கெடலாம், அதனால் ஆயிரம் தடவை மெஷினை அணைத்து எழுப்பிக் காட்ட வேண்டும். ஒரு தடவைகூடத் தோற்கக்கூடாது. எண்ணிக்கையை மெஷினே எழுதியிருக்க வேண்டும். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமைக்குள் வந்தால் திருத்தமும் சேரும், மாடலும் தங்கும்.

"இன்னொரு மாடலுக்கு எவனோ 'என்கிட்ட ஓடுது'ன்னு ஒரு வரி எழுதினான், அதுக்கு உடனே சரின்னுட்டாங்களே! நமக்கு மட்டும் ஆயிரமா?" என்று நான் குதித்தேன்.

"அவர் கேக்கறது நியாயம்தான் ஞாபோ. நானா இருந்தாலும் கேப்பேன்."

நியாயமாம்! போகட்டும். ஒரு ஊமையைத் தனியாக அலமாரி மேல் வைத்தார். தானாக அணைந்து எரிகிற ஒரு சுவிட்சை மாட்டினார். ஒவ்வொரு தடவையும் நேரக்கணக்கை முதலிலிருந்து தேடும்படி வைத்தார். அப்படித் தேடும்போது நாலு நிமிஷம் திரை கருப்பாகவே இருக்கும். பிறகு எழுந்து, மூலையில் எத்தனையாவது தடவை என்று எண் காட்டி, மறுபடி அணையும். மொத்தம் ஆறு நிமிஷம். அந்த எண்ணை மட்டும் காசு பேட்டரியின் நினைவில் எழுதவைத்தார். ஏன் ஸெபோ, அதையும் சிப்பிலேயே எழுதினால் என்ன என்று கேட்டேன்.

"சோதனை நடக்கறதே சிப்புலதான். அதுலயே கணக்கையும் எழுதினா, எது எதைக் கெடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்? நல்ல பேட்டரி ஒண்ணு போட்டிருக்கேன். மச்சான் நைரோபியிலேருந்து கொண்டுவந்தது, அசல்."

மறக்காமல் இருக்க மெஷினுக்குக் கற்றுக்கொடுத்த மனுஷன், தன் கணக்கை மட்டும் மறக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார். மேலே ஒரு காகிதம் ஒட்டினார்: தொடாதீர்கள். அது வாடிக்கையாளர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் ஓடியது. கரண்ட் போனால் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கடை பூட்டும் முன் தினமும் எண்ணை ஒரு அட்டையில் எழுதிவைப்பார். கடைசி வாரம் புதன்கிழமை அவருடைய அத்தை மசாகாவில் இறந்துபோனாள். அடக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? காலையில் மெஷினை ஓட்டிவிட்டு, தொள்ளாயிரத்து ஐந்து என்று எண் வந்ததும் கிளம்பினார்.

"பாத்துக்கங்க ஞாபோ. நாலு நிமிஷம் கருப்பா இருக்கும், பயப்படாதீங்க."

"எனக்கே பாடமா? போயிட்டு வாங்க."

மத்தியானம் ஒரு மணிக்குத் தலையைத் தூக்கினபோது எண் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. இன்னும் ஐம்பத்தொன்பதுதான், நாளைக்கே முடிந்துவிடும் என்று எனக்கும் சந்தோஷம். அப்போது ஒரு ஆள் தன் லேப்டாப்போடு வந்து சண்டைக்கு நின்றான். போன வாரம் நான் பார்த்துக் கொடுத்தது மறுபடி நின்றுவிட்டதாம். ஆர்கேடே கேட்கும்படி கத்தினான். நானும் கத்தினேன். பேச்சுவாக்கில் அலமாரியைக் கை காட்டினான்.

"அதோ பாரு, உங்க கடையில இருக்கறதே செத்துக் கிடக்கு! எவ்வளவு நேரமா கருப்பா நிக்குது. இதுல எனக்கு ரிப்பேர் பண்ணப் போறீங்களாக்கும்!"

எனக்குச் சுருக்கென்று பட்டது. என்னைச் சொன்னால் போகட்டும், லுபோவாவின் மெஷினைச் சொல்லலாமா? "செத்துக் கிடக்கா? இப்ப பாரு" என்று இறக்கினேன். அதற்கப்புறம் நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. மூடி திறந்தது, பேட்டரி வெளியே வந்தது, பத்து எண்ணினேன், போட்டேன், சுவிட்சைத் தட்டினேன். நாலு நிமிஷம் அவனைத் திட்டிக்கொண்டே நின்றேன். திரை பளிச்சென்று வந்தது.

"கெட்டிக்காரிதான் நீ" என்றான் அவன்.

மூலையில் எண் வந்தது: 1.

அந்த ஆளை என்ன சொல்லி அனுப்பினேன் என்று தெரியாது. அடக்கத்தில் நிற்கிற மனுஷனுக்குப் போன் போட எனக்குத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை காலை மசாகாச் செம்மண் ஒட்டின செருப்போடு வந்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிற மாதிரி நின்றேன்.

"எத்தனையில இருந்துச்சு?"

"தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு."

"தோல்வி?"

"ஒண்ணும் இல்ல ஸெபோ."

அட்டையை எடுத்து 941 என்று எழுதினார். கீழே ஒரு கோடு போட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நாலு நிமிஷம்னு சொல்லியிருந்தேனே ஞாபோ."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். இன்றைக்கும் பருப்பு வெந்துவிட்டதா என்று அடுப்பைப் பார்த்து நிற்கும்போது அந்தக் குரல் காதில் விழுகிறது.

சனிக்கிழமைக்குள் ஆயிரம் தடவை ஓட நேரம் கிடையாது. "நீங்களே அந்த எண்ணை உள்ள எழுதிடுங்க. உங்களுக்குத் தெரியாததா? யாருக்குத் தெரியப் போவுது? ஓடினது உண்மைதானே!" என்றேன்.

"ஓடினது தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு. மீதி அம்பத்தொம்பதை நான் பாக்கல."

"எண்ணூறு மெஷின் ஸெபோ! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க!"

"ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துல திக்கிச்சுன்னா?"

நடந்ததை அப்படியே தார்மோவுக்கு எழுதினார். ஒன்றைத் தவிர. பேட்டரியை நான் கழற்றினேன் என்று எழுதியிருந்தார். 'நான்' என்றால் எரீசா லுபோவா. அட்டையைப் படம் எடுத்து இணைத்தார், ஒரு வாரம் தவணை கேட்டார். தார்மோ மரியாதையாகத்தான் பதில் எழுதினான். வருந்துகிறேன், அட்டையை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது, பதிப்பைத் தள்ளிவைக்கவும் முடியாது, பிறகு முழுச் சோதனையோடு மாடலைப் புதிதாகக் கொண்டுவரலாம் என்று.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. ஊமையை வெட்டியிருந்தார்கள். வெட்டும்போது காரணம் ஒரு வரி எழுத வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதை எழுதியது தார்மோ இல்லை, வேறு எவனோ. லுபோவா அதைப் படிக்கவில்லை, நான்தான் அவர் தோளுக்கு மேலாகப் படித்தேன். 'இந்த மாடலைப் பயன்படுத்துவோர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.' அந்த நேரம் எங்கள் மாடியில் மட்டும் பதினோரு ஊமைகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில்தான் அந்த வரியையே படித்தேன். நான் கெட்ட வார்த்தை சொன்னேன். எதிர்க்கடைக்காரி காதைப் பொத்திக்கொண்டாள்.

அட்டுஹைரே அம்மாளுக்குப் போன் போட்டோம். அவள் குரலும் இறங்கிவிட்டது, ஆனால் முடியாது என்றால் முடியாதுதான். மாசக் கடைசியில் கிடங்குக்காரன் எண்ணூறையும் காட்வேக்கு எடை போட்டு அனுப்பினான். அங்கே உளியால் பிளந்து செம்பையும் தங்கப்பூச்சையும் சுரண்டுவார்கள். நான் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது ஒரு லாரி மேல் ஊமைகள் மூடி திறந்து கிடந்தன. லுபோவாவிடம் அதைச் சொல்லவில்லை.

அலமாரி மெஷினை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்தது, அணைந்தது. கருப்பாக நிற்கும்போதெல்லாம் நான் என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு வேளை முடிந்த நேரம், மூலையில் 1000 என்று வந்தது. தோல்வி 0.

"ஸெபோ! ஆயிரம்! பாருங்க, ஆயிரம்! அனுப்புங்க, இப்பவே அனுப்புங்க!"

லுபோவா கையிலிருந்த சப்பாத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"எங்க அனுப்பறது ஞாபோ? கிடங்கு காலி."

மெஷினை இறக்கினார். மூடியைத் திறந்து, அந்தப் பேட்டரியைத் தன் கையாலேயே நெம்பி எடுத்து, சட்டையில் துடைத்து, என் மேஜை மேல் வைத்தார்.

"அசல் பேட்டரி. உங்க கிராக்கி யாருக்காவது போடுங்க."