நீமா சமைத்து வைத்த ஞாயிற்றுக்கிழமை

தான்சானியாவிலிருந்து வந்து என்னுடன் எம்.ஏ. படித்தவள் நீமா. அடையாறில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தன் பிறந்தநாளுக்கு எங்கள் வகுப்பில் ஆறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். "கண்டிப்பா வரேன்டி" என்றேன். மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு வெயிலில் கிளம்பச் சோம்பல்பட்டு, மற்றவர்கள் போவார்கள் என்று படுத்துவிட்டேன். ஒருவருமே போகவில்லை.

மறுநாள் அவள் தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டாள்: "தப்பா நினைக்காத. 'கண்டிப்பா வரேன்'னா வரமாட்டேன்னு அர்த்தமா? எனக்குத் தெரியல. ஏழு பேருக்குச் சமைச்சுட்டேன்."

கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவளோ தன் தமிழில்தான் பிழை என்று நினைத்தாள். நானும், "ஆமா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான்" என்றேன்.

ஊர் திரும்பும்வரை என்னிடம் சிரித்துத்தான் பேசினாள். யாரையும் மறுபடி வீட்டுக்குக் கூப்பிடவில்லை. இங்கே சிநேகிதம் தேடி வந்தவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.