பரிசீலனையில் இருக்கிறது

விதி ஒன்பது: பதினெட்டு வயது நிறையாத ஆட்டக்காரருக்கு மதிப்பெண் போடும்போது ஆடுகளத்தில் கண்ணால் கண்டதை மட்டுமே கொள்ள வேண்டும், அவருடைய வீட்டாரை அணுகக் கூடாது. இதை எழுதியவன் நான். அலுவலகத்தில் காலமெல்லாம் நான் எழுதிய குறிப்புகளைவிட உருப்படியானது இந்த ஒரு விதிதான். மீறியவனும் நான்தான்.

2006-ல் தேனியில் ஓய்வுபெற்றவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு கற்பனை ஹாக்கி லீக் நடத்தினோம். சுற்றுவட்டாரப் போட்டிகளில் ஆடும் நிஜப் பையன்களை ஆளுக்கொரு அணியாகப் பிரித்துக்கொள்வோம். வேகம், தடுப்பு, கோல் அடிக்கும் திறன் என்று எண் போட்டு பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஏற்றினால், அது எங்கள் அணிகளை மோதவிட்டு முடிவு சொல்லும். பையன்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தால் சிரித்திருப்பார்கள்.

இளையவர்களுக்கு மட்டும் இரண்டு எண்கள்: இப்போது ஆடுவதற்கு இன்றைய எண், இனி எட்டக்கூடியதற்கு நாளைய எண். இன்றையதில் சண்டை வராது. நாளையதில் வராத சண்டை இல்லை. என் அணியில் தேவாரம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். மின்னலாக ஓடியவன் அந்த வருஷம் கொஞ்சம் தளர்ந்தான். வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் அவனுடைய நாளைய எண்ணைக் குறைக்கச் சொன்னார்.

"காலை இழுத்து இழுத்து ஓடுறான்யா உம்ம பய."

"தகுதிகாண் பருவம் ரெண்டு வருஷம். அதுக்குள்ள கை வைக்க முடியாது."

"அது உம்ம ஆபீசுல. இது ஹாக்கி."

அவர் வாயை அடைப்பதற்காகத்தான் தேவாரத்துக்குப் பஸ் ஏறினேன். கக்கத்தில் ஒரு பைல். பைல் இல்லாமல் எங்கும் போய்ப் பழக்கமில்லை.

தோப்பை ஒட்டிய சின்ன வீடு. ஹாக்கி சம்பந்தமாக வந்திருப்பதாகச் சொன்னேன்; அது பொய்யில்லை. பையனின் உயரம், பிறந்த தேதி, முட்டிவலி எப்போதிருந்து என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன்.

"ஏலே, முட்டிய நல்லா மடக்கிக் காமிடா சாருக்கு" என்றார் அப்பா. அவன் மடக்கினான். வலியை முகத்தில் காட்டாமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "யாரு வந்திருக்கது?"

"ஆபீசருக. தம்பிய விளையாட்டு விடுதிக்கு எடுக்க வந்திருக்காக" என்றாள் அம்மா.

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். உள்ளே கோழி கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டேன். இரண்டாம் முறை குழம்பும் கேட்டு வாங்கினேன்.

கிளம்பும்போது பையன் கேட்டான். "எனக்குக் கிடைக்குமா சார்?"

"பரிசீலனையில் இருக்கு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. யார் எதைக் கேட்டாலும் என் வாயில் தானாக வரும் பதில் அது.

நாளைய எண்ணைக் குறையாமல் காப்பாற்றிவிட்டேன். கம்ப்யூட்டரில் அவன் கோலாக அடித்துத் தள்ளினான்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு நாள், தேனிச் சந்தையில் அவன் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்கய்யா, இன்னும் பரிசீலனைதானா?"

விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கக் கோடையில் நடந்த தேர்வு முகாமுக்குப் பையன் போகவில்லையா என்று கேட்டேன்.

"வாத்தியாரு போகத்தான் சொன்னாக. ஆபீசரு வீட்டுக்கே வந்து எழுதிட்டுப் போயிருக்காக, அவுகள மீறிப் போனா தப்பா நினைப்பாகன்னு நாந்தேன் அனுப்பல."

"ஐயா, நான் ஆபீசர் இல்ல. நாங்க செஞ்சது வெறும் விளையாட்டு" என்றேன்.

"ஆமாங்கய்யா, விளையாட்டுத் துறைதானே" என்றார், மரியாதை குறையாமல்.

வெங்காயப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.

அந்த முகாமுக்குப் போயிருந்தால் வயது சரியாக இருந்திருக்கும். அடுத்ததற்கு மிஞ்சிவிடும். எனவே எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். வயது வரம்பைத் தளர்த்தக் கோரி, பையனிடம் கையெழுத்து வாங்கி, என் முகவரியிட்டு விளையாட்டுத் துறைக்கு மனு அனுப்பினேன். பார்வை ஒன்று, பார்வை இரண்டு, நினைவூட்டு, மறு நினைவூட்டு. மனுவில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. முகாமுக்கு அவன் போகாத காரணத்தை மட்டும் 'தவிர்க்க இயலாத சூழ்நிலை' என்று எழுதியிருந்தேன். அந்தச் சூழ்நிலை நான்தான்.

பரிசீலனையில் இருப்பதாகக்கூட அவர்கள் எழுதவில்லை. அதற்குள் பையன் கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு ஜீப் ஏறத் தொடங்கியிருந்தான். "உம்ம பய நேத்து மூணு கோல்யா!" என்றார் வங்கி நண்பர். லீக்கிலிருந்து அவன் பெயரை எடுக்கச் சொன்னேன். விதியில் இடமில்லை என்றார். நான் எழுதிய விதிதான்.

வயது கடந்துவிட்டதால் பரிசீலிக்க இயலாது என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்களில் தொங்கிக்கொண்டிருந்த நாள். 2007, ஆடி மூன்றாம் சனிக்கிழமை.