ஓடும் செயினைத் துடைத்தபோது

என் கணவர் தென்காசியில் டெய்லர். குற்றாலச் சாரலில் துருப்பிடித்த பைக் செயினையும், முன் ஸ்பிராக்கெட் என்கிற பல்சக்கரத்தையும் வீட்டிலேயே புதிதாக மாற்றினார். வேலை நல்லபடியாக முடிந்தது. பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் ஓடவிட்டு, செயினில் வழிந்த எண்ணெயைத் துணியால் துடைத்தார். பின் பல்சக்கரம் துணியோடு விரலையும் இழுத்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் வலது ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையையே பார்த்தபடி, “ஏட்டி, கல்யாண வீட்டு ஜாக்கெட்டெல்லாம் வெட்டிப் போட்டிருக்கேன். அவுகளுக்கு என்ன பதில் சொல்லுவேன்?” என்றார்.

“நான் பேசிக்கிடுதேன், நீங்க படுங்க” என்றேன். வெளியே வந்துதான் அழுதேன்.

இப்போது மறுபடியும் தைக்கிறார். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும்போது மட்டும் கை தடுமாறுகிறது; நான் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன். செயினுக்கு எண்ணெய் போடும் நாளில் வண்டிச் சாவியை முதலில் நான் வாங்கிக்கொள்கிறேன். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுகிறேன். அவர் இடது கையால் எண்ணெய் விடுகிறார்.