மேப்ரி அண்ட் ஸ்ட்ரௌடை விட்டுப் போன மேப்ரி

எர்னஸ்டீன் மேப்ரி 'மேப்ரி அண்ட் ஸ்ட்ரௌட்' கம்பெனியை விட்டுப் போகிறாள் என்றதும் டெட்ராய்ட்டின் லிவர்னாய் சாலையில் பாதிப் பேர் அவளுக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். மீதிப் பேர் கூட்டாளி கால்வின் ஸ்ட்ரௌடோடு சண்டை என்றார்கள். உண்மையை அவளே சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. அறுபத்தோரு வயதில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' என்கிற இனிப்புப் பண்டம் சுட்டு விற்கக் கடை போடப் போகிறாளாம்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் அவளும் கால்வினும் ஒரு சலூனின் பின்னறையில் ஆரம்பித்த கம்பெனி அது. வங்கிகள் வாசலோடு திருப்பி அனுப்பிய கறுப்பின வியாபாரிகளின் தொழிலில் முதல் போடுவதுதான் வேலை. அதற்கு எர்னஸ்டீன் ஒரு வழக்கம் வைத்தாள். பணம் கேட்பவரின் கடையில் கம்பெனி ஆள் ஒரு முழு நாள் வேலை பார்த்த பிறகுதான் பேச்சே. கால்வின் சூட்டும் டையுமாகப் போய்ச் சலூனில் முடி கூட்டியிருக்கிறான்.

அந்த நாள் வேலை முடிந்ததும், கடையின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்து அவள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல உங்க சம்பளம் எங்கே?" என்பது. முக்கால்வாசிப் பேர் எழுதியிருக்க மாட்டார்கள். வயிற்றைக் கட்டிக் கடை நடத்துகிறவர்கள் இரண்டே வருடத்தில் ஓய்ந்துபோவதைப் பார்த்துச் சலித்தவள் அவள். தாட்சண்யம் பாராமல் திருப்பி அனுப்புவாள். எழுதிக்கொண்டு வந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவாள்.

விடைகொடுத்த வெள்ளிக்கிழமை, கெளுத்தி மீன் வறுவலும் ஆட்டமும் பாட்டுமாக அலுவலகம் அமர்க்களப்பட்டது. அவளால் கடை வைத்தவர்கள் வரிசையாக வந்து கட்டிக்கொண்டார்கள். கால்வின் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"எர்னி, உன் கடைக்கு எவ்வளவு வேணுமோ போட்டுடலாம். உனக்கெதுக்கு மனு கினு எல்லாம்?"

"அந்தக் கதையே வேணாம். எல்லார் கடைக்கும் வர மாதிரி என் கடைக்கும் ஆள் வரணும்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்றிலிருந்து ஒரு கவலை அவளை அரித்தது. 'நம்ம எர்னஸ்டீன்தானே' என்று கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லிவிட்டார்களானால், பதினெட்டு வருடமாகக் காத்த வழக்கமும் கம்பெனியை விட்டு அவள் பின்னாலேயே கிளம்பி வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

மூன்று மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குக் கெஸாயா ஹாலோவே வந்து பை கடையின் கதவைத் தட்டினாள். கம்பெனியில் எர்னஸ்டீனின் நாற்காலியில் இப்போது உட்காருகிறவள் அவள்தான். மாவு பிசைந்தாள், கிழங்கு மசித்தாள், தட்டு கழுவினாள். ஜாதிக்காய் குறைச்சல் என்று சர்ச்சுப் பெண்மணி ஒருத்தி நொட்டை சொன்னபோது அதைக் குறித்துக்கொண்டாள். மதியம் எர்னஸ்டீன் ஒரு துண்டு பை நீட்டினாள். ஆறு டாலரைக் கல்லாவில் போட்ட பிறகுதான் கெஸாயா அதைத் தொட்டாள். எர்னஸ்டீனுக்கு மனசு கொஞ்சம் லேசாயிற்று.

மாலையில் கடையின் கணக்குக் காகிதங்களை விரித்தார்கள். வாடகை இருந்தது, வெண்ணெய் இருந்தது, வேலைக்கு வரும் இரண்டு பெண்களின் கூலியும் இருந்தது.

"பை பிரமாதம், மிஸ் எர்னஸ்டீன். ஆனா இதுல உங்க சம்பளம் எங்கே?"

எர்னஸ்டீன் காகிதத்தைப் பிடுங்கி மேலிருந்து கீழே தேடினாள். இரண்டு தடவை தேடியும் காணோம்.

"எனக்கென்னம்மா, நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள். நூறு பேர் வாயிலிருந்து கேட்டு அவள் முகம் சுளித்த அதே பதில்.

கெஸாயா மற்றக் காகிதங்களையும் அடுக்கி அவள் பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "அப்படிச் சொன்னவங்களை நீங்க என்ன செய்வீங்களோ, அதையேதான் நானும் செய்யறேன். எழுதிட்டு வாங்க. இப்ப முடியாது."

அவள் போனதும் எர்னஸ்டீன் கால்வினுக்குப் போன் போட்டாள்.

"உன் கெஸாயா என்னைத் திருப்பி அனுப்பிட்டாடா."

"அழறியா எர்னி? இரு, நான் அவகிட்ட பேசறேன்."

"பேசினே, தொலைச்சுடுவேன். நான் சிரிக்கிறேன்."

கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு விடைகொடுத்த நாளில்கூட இல்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து தன் சம்பளத்தை எழுதினாள். எழுதியதைப் பார்த்தால் கெஸாயா என்ன சொல்வாள் என்று யோசித்தாள். அடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதினாள்.