பள்ளம் சொல்லும் நல்லகாமன்

"ஆத்தா, புளியமரம் தாண்டுனதும் ஒரு பள்ளம் கெடக்கு. மூச்சப் புடிச்சுக்க... வந்துருச்சு... ம், முடிஞ்சுபோச்சு. விட்டுரு."

வண்டிக்குள் படுத்திருப்பவர் யாராயிருந்தாலும் நல்லகாமனின் பேச்சு இதுதான். பேரையூரிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றிப் போகிறவர். வைக்கோலை ஒரு முழ உயரம் பரப்பி, மேலே சாக்கு விரித்துவிட்டுக் கீழே இறங்கினால் வழி முழுக்க நடைதான். நுகத்தடியைப் பிடித்தபடி மாடுகளோடு நடப்பார். "நான் ஏறுனா என் கனமும் சேந்துல்ல குலுக்கும்" என்பது அவர் கட்சி.

முன்கோபக்காரர். எதிர்வண்டி ஒதுங்காவிட்டால் வண்டிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுப்பார். அடுத்த மூச்சிலேயே உள்ளே திரும்பி, "பயப்படாத தாயி, ஒன்னயச் சொல்லல" என்பார்.

அந்தப் பாதையின் தொடக்கத்தில் ராவ்பகதூர் வெள்ளைத்துரையின் பெயர் வெட்டிய கல் ஒன்று நிற்கிறது. சாலை போட்டவர் அவர் என்று கல் சொல்கிறது. கல் நட்ட அன்றைக்கு மேளதாளம், மாலை மரியாதை எல்லாம் இருந்தன. சாலைதான் இன்னும் வந்தபாடில்லை. இப்போது அந்தக் கல்லில் ஆடு கட்டுகிறார்கள்.

போன ஐப்பசியில் நல்லகாமனே வண்டிக்குள் படுக்க வேண்டியதாயிற்று. வயிற்றுக்குள் பெரிய கட்டி. "குலுங்கி ஒடஞ்சிருச்சுன்னா ஆளு தங்காது" என்று கம்பவுண்டர், நல்லகாமனின் மைத்துனன் தவசியிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்துவிட்டது. தவசிதான் நுகத்தடியைப் பிடித்து நடந்தான். அவனுக்கு மாடு தெரியும், பள்ளம் தெரியாது.

அதனால் படுத்தபடியே நல்லகாமன் பள்ளம் சொன்னார். பக்கக் கம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, "மாப்ள, புளியமரம் வந்துருச்சா? மூச்சப் புடிச்சுக்கிட்டேன், விடு" என்றார். வண்டி போயிற்று. குலுங்கவில்லை.

"பாத தப்பிட்டியா மாப்ள?"

"இல்ல மச்சான். பள்ளத்தக் காணோம். மண்ணக் கொட்டி மூடிருக்காக."

"ராவ்பகதூர் காரு வருதோ என்னமோ."

பாதையோரம் மண்கூடையுடன் பாண்டியம்மாள் நின்றிருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்து துடித்தபோது இதே வண்டியில் போய்ப் பிழைத்து வந்தவள்.

"அவரு காரு வந்தா நாங்க வீட்டுக்குள்ள போயிருவோம். இது ஒனக்குத்தாண்ணே. நேத்தே சேதி வந்துருச்சு. வழிநெடுக ஆளு நிக்கிது. பேசாமப் படுத்துப் போ."

நல்லகாமன் நம்பவில்லை. முப்பது வருஷப் பழக்கமுள்ள பள்ளங்கள் அவை. வாய்க்கால் மேடு, கல்லுப்பாலம், சுடுகாட்டு வளைவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே, கம்பை இறுகப் பற்றியபடி வந்தார். ஒவ்வோர் இடத்திலும் புதுமண் வாடைதான் வந்தது. யார் யாரோ, "பாத்துப் போ தவசி" என்றார்கள். சில குரல்களை அவருக்கு அடையாளம் தெரிந்தது. வலிக்கு அழாத மனுஷன் அப்போது அழுதார்.

கண்மாய்க்கரை வந்தது. அந்தப் பாதையிலேயே பெரிய பள்ளம் அங்கேதான்.

"மாப்ள..." என்று ஆரம்பித்தவர் மேற்கொண்டு சொல்லவில்லை. கம்பிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றதையும் எடுத்து, இரண்டையும் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.