வசூலுக்குப் போன மீசை

கடன் வசூலிக்கிற தொழிலில் முதலில் தேய்வது செருப்பு, அப்புறம் மானம். கைமாற்று கொடுத்துவிட்டு நடையாய் நடந்த உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கச்சிராயபாளையத்துச் சுழல்நிதிச் சங்கத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டதே என் மீசைக்காகத்தான். அந்த நாளில் அது எனக்கு அரை பர்லாங் முன்னால் போகும்.

சங்கத்திடம் இருந்தது ஒரே ஒரு சின்ன முதல். ஒருவர் வாங்கித் தொழில் செய்து திருப்பிக் கட்டினால்தான் அதே பணம் வரிசையில் அடுத்தவருக்குப் போகும். முதலில் இட்லிக்கடை அஞ்சலை. அடுத்து பஞ்சர் ஒட்டும் காசி. அவனுக்கும் பின்னால் கல்வராயன் மலையிலிருந்து சடையன். அவருக்குச் சாமையின் உமி நீக்கும் மெஷின் வேண்டும். வருஷக்கணக்காக உலக்கை போட்டுப் போட்டு, அவர் மனைவிக்கு வலது தோள் தூக்க முடியாமல் போயிருந்தது.

இட்லிக்குத் துணை போன முள்

அஞ்சலை கடை போட்டது பஸ் நிற்கும் இடத்துக்கு ஒதுக்குப்புறமாக. ஈ கூட வழி விசாரித்துத்தான் வர வேண்டும். மீசையை முறுக்கிக்கொண்டு முதல் தவணைக்குப் போனால், கடையில் உட்கார இடமில்லை. காரணம் எதிரே புளியமரத்தடியில் இருந்தான். கைப்பம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காசிக்கு ஒரு கம்ப்ரசர் வேண்டும். அஞ்சலை கட்டினால்தான் அது வரும். ஆகவே பஞ்சர் என்று வந்த யாரையும் அவன் சும்மா நிற்க விடவில்லை. "ஒட்டு காயணும்ங்க, போய் நாலு இட்லி சாப்ட்டு வாங்க" என்பான். நாலு தின்று வந்தாலும் ஒட்டு காய்ந்திருக்காது.

அந்த மாதம் சாலையில் கருவேல முள் ஏராளமாகக் கிடந்ததாக ஒரு பேச்சு. நான் கண்ணால் பார்க்கவில்லை. என் சைக்கிள்தான் பார்த்தது. கரும்பு வெட்ட வந்த ஆள் ஒருவர் ஏப்பம் விட்டபடி காசியிடம் சொன்னார்: "யோவ், உன்னாண்ட கூலி கம்மிதான். அந்தம்மாகிட்டதான்யா எனக்கு ஜாஸ்தி ஆவுது."

ஜீப் மீது வந்த பாசம்

அஞ்சலை கட்டி முடித்தாள். காசிக்குக் கம்ப்ரசர் வந்தது. இனி காசி கட்டினால்தான் சடையனுக்கு மெஷின். மலையில் சைக்கிள் ஏது? ஆனால் மலை ஏறுகிற ஜீப் உண்டு. சடையன் தன் ஊர்க்காரர்களிடம் சொல்லி வைத்தார். அதிலிருந்து, காசியிடம் டயருக்குக் காற்றுப் பார்க்காத ஜீப்பில் ஒருவரும் கால் வைக்கவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார், திட்டினார், காலி வண்டியோடு கொஞ்ச தூரம் போயும் பார்த்தார். பிறகு ரிவர்ஸில் திரும்பி வந்தார்.

"இன்னாப்பா, என் டயர் மேல உங்களுக்கு இம்மாம் பாசம்?"

சடையன் நிதானமாகச் சொன்னார்: "டயர் மேல இல்லீங்க. எங்க வூட்டுக்காரி தோள் மேல."

தரையைத் தொடாத சைக்கிள்

பாதித் தவணையில் காசிக்கு மஞ்சள்காமாலை. கம்ப்ரசரைத் தூக்கி விற்றுவிடலாம் என்று சங்கத்தில் சிலர் கிளம்பினார்கள். விற்றால் பாதி விலை கூட வராது. சடையனின் மெஷின் அதோடு சரி. மீசையைக் காட்டிவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

போனால், கடை திறந்திருக்கிறது. காசி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி சொல்லச் சொல்ல, ஆயுசில் சைக்கிள் ஏறாத சடையன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். கடன் தீர்ந்துபோன அஞ்சலை, எண்ணெய் படாத இட்லியைப் பிட்டுக் காசிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சடையன் ஒட்டியதில் குறை சொல்ல முடியாது. காற்றடிப்பதில்தான் அவருக்குக் கை தாராளம். வாடிக்கைக்காரர் ஒருவர் கெஞ்சினார்: "அண்ணே, காத்து கொஞ்சம் கம்மியா அடிங்க. நேத்து பாலத்தாண்ட எகிறுன சைக்கிளு, வூட்டு வாசல்லதான் தரையத் தொட்டுச்சு."

உலக்கை

காசி எழுந்தான், கட்டி முடித்தான். மெஷின் மலையேறிய அன்று நானும் ஜீப்பில் போனேன். டயருக்குக் காற்றுப் பார்த்த பிறகுதான். ஒரு பக்கம் உமி பறக்க, மறுபக்கம் மணி மணியாகச் சாமையரிசி கொட்டியது. சடையனின் மனைவி அதில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். மறுகையில் உலக்கை.

"இன்னும் அது எதுக்கும்மா?" என்றேன்.

கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவரு தவணை கட்டலைன்னா வேணும்ல."

ஈரத்துணிக்குக் கீழே

வரிசையில் அடுத்து யார் தெரியுமா? மறுபடியும் அஞ்சலைதான், கிரைண்டருக்காக. ஒரு காலை பசியோடு போய் உட்கார்ந்தேன். "அரிசி இட்லி தீந்துபோச்சுங்க, சாமை இட்லிதான்" என்றாள். பக்கத்திலேயே ஈரத்துணிக்குக் கீழே வெள்ளை வெளேரென்று அரிசி இட்லி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான் துணியைப் பார்த்தேன். அவள் என் இலையில் நாலு சாமை இட்லியை வைத்தாள்.

"மலைமேல அந்த மெஷினு ஓடினாத்தான் இங்க எனக்கு கிரைண்டரு வரும். பேசாம சாப்புடுங்க."

ஊரை மிரட்டுவதற்கென்று சம்பளம் வாங்கி, கடைசிவரைக்கும் மீசையில் ஒட்டிய சட்னியைத் துடைத்தே ஓய்வு பெற்ற வசூல்காரன் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தன்தான்.