ஃபிரிட்ஜில் வைத்த மண்

மண்ணில் பெட்ரோல் வாடை மிச்சமிருக்கிறதா என்று தேடுகிறவர் என்பதால் வேலையிடத்தில் அவருக்கு மோப்பம் என்று பட்டப்பெயர். பழைய பெட்ரோல் பங்குகளைத் தோண்டும்போது எண்ணெய் ஊறிய மண்ணை அங்கேதான் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதைப் பரப்பி, வாரக்கணக்கில் டிராக்டரால் கிளறிக் கிளறிக் காற்றாட விட்டால் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். போய்விட்டதா என்று பார்க்க, ஆழத் தோண்டிக் கண்ணாடி பாட்டிலில் மண்ணை அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது மோப்பத்தின் வேலை. தேறிய மண் பள்ளம் நிரப்பப் போகும். தேறாதது மறுபடி கிளறலுக்கு வரும். “எப்பேர்ப்பட்ட மண்ணையும் திருத்திடறேன், என் வாயைத்தான் திருத்த முடியலை” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

நியாயம்தான். மச்சினன் தாழ்வான மனையில் வீடு கட்டப்போகிறான் என்று தெரிந்ததும், மாமனார் வீட்டில் எல்லோர் முன்னாலும், “மண்ணைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே? நான் இருக்கேன்ல! லாரி லாரியா இறக்கறேன்” என்று அளந்துவிட்டிருந்தார். அந்த வீட்டில் மாப்பிள்ளை சொல்லி நடந்த காரியம் ஒன்றுகூட இல்லை. இதையாவது நடத்திக் காட்டிவிட வேண்டும் என்று மனிதர் தவியாய்த் தவித்தார்.

மச்சினனுக்கென்று மனதில் ஒதுக்கிய குவியலில் மண் எடுத்த அன்று பார்த்து ஆய்வுக்கூடம் மூடிவிட்டது. வேலையிடத்து ஃபிரிட்ஜும் படுத்துவிட்டது. மண் குளிரிலேயே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பெட்ரோல் ஆவியாகி முடிவு பொய்யாகிவிடும். வேறு வழியில்லாமல் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபிரிட்ஜில் பாலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். வாய் சும்மா இராமல், அது மச்சினனுக்கான மண் என்று மனைவியிடம் சொல்லியும் வைத்தார்.

காலையில் பார்த்தால் மூடியில் ஒட்டிய சீல் கிழிந்திருந்தது.

“யாரு இதைத் திறந்தது?” என்று கத்தினார்.

“நான்தான். என் தம்பி வீட்டுக்குப் போற மண்ணு எப்படி இருக்குன்னு பார்க்க வேணாமா?” என்றாள் மனைவி. “தட்டுல கொட்டிப் பார்த்துட்டு, அப்படியே திருப்பிப் போட்டு இறுக்கமா மூடிட்டேனே.”

அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். தட்டில் கொட்டினால் மிச்சமிருந்த பெட்ரோலும் பறந்திருக்கும். இந்தப் பாட்டில் கட்டாயம் தேறிவிடும். குவியல் தேறியதா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் புதுச் சீல் ஒட்டினால் ஒரு பயலுக்கும் தெரியாது. மாமனார் வீட்டில் முதன்முதலாகத் தலைநிமிர்ந்து உட்காரலாம். பையிலிருந்த சீல் சுருளைக் கையில் எடுத்தும்விட்டார்.

“என்னங்க யோசனை? அதையே ஆய்வுக்குக் கொடுத்துடுங்களேன்” என்றாள் அவள்.

“உன் தம்பி குழந்தை அந்தத் தரையிலதான் தவழும்” என்றார். சொன்ன பிறகு அவர்மேல் அவருக்கே கொஞ்சம் மரியாதை வந்தது. அது அடிக்கடி வருவதில்லை.

அதே குவியலில் புதிதாகத் தோண்டி எடுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சில நாளில் முடிவு வந்தது: தேறவில்லை. குவியலை மறுபடி கிளறச் சொல்லிவிட்டார்கள். மச்சினனுக்குப் போன் போட்டார்.

“மச்சான், அந்த மண்ணு… இப்போதைக்குக் கிடைக்காது போலிருக்கு. வாக்குக் கொடுத்தேன், இல்லைன்னு சொல்லலை…”

“எந்த மண்ணு மாமா?” என்றான் அவன். பிறகு சிரித்தான். “ஓ, அதுவா! நீங்க சொன்ன மறுநாளே வேற இடத்துல மண்ணுக்குச் சொல்லிட்டோம். கொட்டி, தரையும் போட்டாச்சு. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா. உங்க பேச்சை நம்பிக்கிட்டிருக்கறது அவ ஒருத்திதான்.”

அவர் போனை வைத்தார். சிரிப்புத்தான் வந்தது.

“என்னங்க சொன்னான்?” என்று சமையலறையிலிருந்து குரல் கேட்டது.

“மண்ணு கிடைக்கலைன்னதும் பாவம், ரொம்ப இடிஞ்சு போயிட்டான்” என்றார் மோப்பம்.